ஊர் வாசிகசாலையைப் பொது நூலகமாக்குவது: பிரதேச சபையிடம் கொடுப்பதா, நாங்களே நடத்துவதா?

வாய்க்கால்கரை:

வணக்கம் எல்லோருக்கும். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு குடியேற்றக் கிராமத்தில் சனசமூக நிலையச் செயலாளராக இருக்கிறேன். நிர்வாகத்துக்குள் ஒரு விடயத்தில் பெரிய இழுபறி. வருகிற பொதுக்கூட்டத்துக்கு முன் விசயம் தெரிந்த நாலு பேரிடம் கேட்டுவிட்டுப் போவோம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் வாசிகசாலை மீள்குடியேறி வந்த கையோடு தறப்பாள் கொட்டிலில் தொடங்கியது. இரண்டு வாங்கு, ஒரு மேசை, உதயன், வீரகேசரி, அவ்வளவுதான். பத்திரிகை வரமுன்னமே ஆட்கள் வந்து காத்திருப்பார்கள், ஏனென்றால் வீட்டுத்திட்டம், காணிப் பதிவு, காணாமல் போனவர்கள் பற்றிய விபரம் என்று எல்லாவற்றையும் அதில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு சிரமதானத்தில் மண்டபம் எழும்பியது. விளையாட்டுக் கழகப் பெடியள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்து மிஞ்சிய காசில் இரும்பு அலுமாரி வாங்கித் தந்தார்கள், மாதர் சங்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாயும் குட்டி மேசைகளும் தந்தது, ஊரில் படித்து உத்தியோகமானவர்கள் லீவில் வரும்போது தங்கள் உயர்தரப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது அலுமாரி நிறைந்து மேடை ஓரமெல்லாம் புத்தகம். பக்கத்துக் கிராமப் பிள்ளைகளும் சைக்கிளில் வருகிறார்கள். அவர்கள் நிலைய உறுப்பினர்கள் இல்லைத்தான், ஆனால் கையில் எடுத்த புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

அதனால்தான் இதைப் பொது நூலகமாக்குவோம் என்ற கதை வந்தது. சபையிடம் கையளித்தால் நூலகர் வருவார், சம்பளம் சபை கொடுக்கும், புத்தகம் ஒழுங்காக வரும் என்பது ஒரு பக்கம். ஊர் வியர்வை சிந்திக் கட்டினதை ஏன் தூக்கிக் கொடுப்பான், நாளைக்குப் பூட்டிப் போட்டால் யாரிடம் போய்த் திறப்புக் கேட்பது என்பது மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் ஊருக்காகப் பாடுபட்ட ஆட்கள்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:

தம்பி, கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும், தொடங்கிய கதை கனபேருக்குத் தெரியாது. 1933இல் நீதிமன்றத்தில் வேலை பார்த்த க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு குழு அமைத்து, ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 புத்தகங்களுடன் நூலகத்தைத் திறந்தார்கள். 1935இல் நகரசபை அதைப் பொறுப்பேற்றது. அதாவது மக்கள் தொடங்கினார்கள், ஒரு வருடத்துக்குள்ளேயே சபையிடம் கொடுத்தார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு சின்ன நூலகமாகவே கிடந்திருக்கும். 1950களில் பெரிய கட்டடம் வேண்டும் என்று வந்தபோது, மாநகர முதல்வராக இருந்த சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் மற்றவர்களும் சேர்ந்த குழுதான் களியாட்ட விழா, அதிர்ஷ்டலாபச் சீட்டு என்று ஓடித் திரிந்து காசு சேர்த்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனிடம் நூலக அமைப்புப் பற்றி ஆலோசனை கேட்டார்கள். 1959இல் திறந்தார்கள். சொந்தக்காரன் சபைதான், ஆனால் ஓடினது ஊர். 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போனபோது யாழ்ப்பாணத்தார் சொந்த வீடு எரிந்ததுபோல அழுததற்குக் காரணமும் அதுதான். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரிக்கற்றாவது வாங்கியிருப்பார்கள்.

கையளிப்பது ஒரு வேலை, விட்டுவிடுவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்யுங்கள்.

பாலையடி:

அண்ணை சொல்வது யாழ்ப்பாண நகரக் கதை. அங்கே சபைக்கு வரி வருமானம் இருந்தது, கேட்டு நிற்கப் படித்த ஆட்கள் நிறைய இருந்தார்கள். வன்னியில் சபைகளின் நிலை வேறு. காடும் வயலுமாக இருக்கிற இடத்தில் ஆதன வரி எவ்வளவு வரும்? மாகாணத்தில் இருந்து வருகிற காசை நம்பித்தான் றோட்டுக்குக் கிரவல் போடுவதே.

வன்னியில் இன்னொரு பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். சனசமூக நிலையம் நல்லாக நடத்திய வாசிகசாலை. கையளித்தார்கள், பெயர்ப்பலகை மாறியது, நாடா வெட்டினார்கள், ஒரு பிள்ளை வேலைக்கும் வந்தது. நல்ல பிள்ளை, வந்தவர்களை விசாரித்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கு இடமாற்றம் வந்தது. பதில் ஆள் வரவில்லை. ஊர்ப் பெடியள் தாங்கள் திறந்து வைத்திருக்கிறோம் என்று கேட்டால், அரச சொத்து, பொறுப்பான உத்தியோகத்தர் இல்லாமல் திறக்க ஏலாது என்று பதில். சட்டப்படி அது சரிதான். ஆனால் ஒரு மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்த மண்டபத்தைத் திறந்து பார்த்தபோது கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். புத்தகத்தின் முதுகு வரிசையாக, வடிவாகத்தான் இருந்தது. ஒன்றை இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே தாள் இருந்த இடத்தில் செம்மண். இருந்தவற்றில் பாதி, ஊர்ச் சனம் இடம்பெயர்வுகளுக்குள்ளாலும் தூக்கிக் கொண்டு திரிந்த புத்தகங்கள்.

அதைப் பார்த்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், திறப்பை விடாதீர்கள்.

முல்லைக்கரை:

பாலையடி அண்ணா, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

வவுனியா வாசகி:

நான் பொது நூலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பாலையடி சொல்வது நடக்கிறதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தடுக்க வழி உண்டு, அது கையளிக்கும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கிராம அபிவிருத்திச் சங்கம் வேறு திணைக்களம், விளையாட்டுக் கழகம் வேறு வழி. எங்கள் மாகாணத்தில் சனசமூக நிலையம் மட்டும்தான் உள்ளூராட்சித் திணைக்களத்தோடு சேர்ந்த பதிவு. ஆகவே நீங்கள் சபைக்கு அந்நியர் இல்லை, ஏற்கெனவே அந்த வீட்டுப் பிள்ளைதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி பொது நூலகம் நடத்துவது சபையின் வேலைகளில் ஒன்று. நீங்கள் கேட்கப் போவது சலுகை இல்லை என்ற தெளிவோடு போங்கள்.

அடுத்தது காணி. மண்டபம் நிற்கிற துண்டு யாருடையது? குடியேற்றத் திட்டங்களில் கனக்க இடங்களில் ஒரு நல்ல மனிசன் தன் பெமிற் காணியில், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியில், ஒரு மூலையை வாயால் சொல்லிக் கொடுத்திருப்பார். அவர் இருக்கும்வரை பிரச்சினை வராது, பிள்ளைகளின் காலத்தில் வரும். அந்த அனுமதிப்பத்திரம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அந்தக் காணியை எவருக்கும் கைமாற்ற முடியாது. காணி தெளிவில்லாமல் சபை தன் காசை அந்தக் கட்டடத்தில் போடாது. நூலகம் வரவில்லை என்று சபையைத் திட்டுகிற பல ஊர்களில் உண்மையான சிக்கல் இதுதான்.

மூன்றாவது, வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். உறுப்பினர் வந்து மேடையில் சொல்வார், நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து 2025 மேயில் தேர்தல் நடக்கும்வரை உறுப்பினர்களே இருக்கவில்லை, செயலாளர்கள்தான் சபையை நடத்தினார்கள். அந்த இடைவெளியில் முன்பு வாயால் சொன்னவற்றைக் கேட்பதற்கு ஆளில்லை. சபையின் மாதாந்தக் கூட்டத்தில் தீர்மானமாகி கூட்டக் குறிப்பில் ஏறினது மட்டும்தான் ஆள் மாறினாலும் நிற்கும். அந்தத் தீர்மானத்துக்குள் நிலையத்தின் இடம் என்ன என்பதையும் எழுதிக் கேளுங்கள்: ஆலோசனைக் குழுவில் இத்தனை பேர், நூலகர் இல்லாத நாட்களில் யார் பொறுப்பு, மண்டபத்தை ஊர்க் கூட்டங்களுக்குப் பாவிப்பது எப்படி என்று.

பாலையடி:

நூலகர் இல்லாத நாட்களில் நிலையம் திறக்கலாம் என்று எந்தச் சபை எழுதித் தரும்?

வவுனியா வாசகி:

புத்தகம் இரவல் கொடுப்பதை எழுதித் தர மாட்டார்கள். பத்திரிகைப் பகுதியையும் இருந்து வாசிக்கும் இடத்தையும் திறந்து வைக்க எழுதித் தரலாம். இரவல் பகுதிக்கு உள்ளே ஒரு கதவு போட்டுப் பூட்டிவிட்டால் முன் மண்டபம் எப்போதும் போலத் திறந்திருக்கும். கட்டடத்தில் மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தக் கதவைப் போடுங்கள். காற்றும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்தில் கறையான் தெரியாமல் ஏறாது. அலுமாரியைச் சுவரில் ஒட்டி வைக்காமல் ஒரு கை போய் வருகிற அளவு தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டில் புத்தகம் அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருநாள் யாராவது ஒருவர் ரோச் அடித்து அலுமாரிக்குப் பின்பக்கம் பார்த்தாலே போதும்.

முல்லைக்கரை:

நான் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறேன். பெரியவர்கள் யாரிடம் திறப்பு என்று கதைக்கிறீர்கள், நான் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிறேன்.

காலை எட்டரைக்குத் திறந்து பின்னேரம் நாலரைக்குப் பூட்டினால் அது யாருக்கு? அந்த நேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா தோட்டத்தில். பள்ளி விட்டு, பிரத்தியேக வகுப்பு முடித்து, சைக்கிளில் வர அஞ்சு மணி தாண்டும். எங்கள் வீடு திட்டவீடுதான், ஒரு அறையில் தம்பி, தங்கச்சி, ரீவி எல்லாம். எனக்குப் புத்தகம் வேண்டும்தான், அதைவிட ஒரு மேசையும் வெளிச்சமும் சத்தமில்லாத இரண்டு மணித்தியாலமும் வேண்டும். கடந்தகால வினாத்தாள் கட்டுகள் ஒழுங்காகப் பாடவாரியாக இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்தால் அதைப் பார்த்து வேலைக்கு விண்ணப்பிக்கிற அண்ணாமார் அக்காமார் எத்தனை பேர், அதைப் பிரதி எடுத்துப் பலகையில் ஒட்டினால் கண்டிப்பாகப் பார்க்க வருவார்கள்.

இன்னொன்று, பெண் பிள்ளைகள் வருவதென்றால் வீதிவிளக்கு வேண்டும். வாசிகசாலை வாசலில் பெடியள் கூட்டமாக இருந்து போன் பார்க்கிற இடமாக இருந்தால் வீட்டில் விட மாட்டார்கள். ஒக்ரோபரில் வாசிப்பு மாதம் என்று பேச்சுப்போட்டி வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள், சந்தோசம், ஆனால் நவம்பரில் நாங்கள் எங்கே போய் வாசிப்பது என்றும் யோசியுங்கள்.

மாங்குளத்தான்:

பிள்ளை, நீங்கள் எழுதியதை அப்படியே பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். செயலாளர் தம்பி, பிரதி எடுத்து வையுங்கள். பின்னேர நேரத்தைச் சபை உத்தியோகத்தரால் மட்டும் தர முடியாது, அந்த இடத்தில்தான் நிலையம் தேவைப்படும்.

உருத்திரபுரத்தான்:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த இழையை இரவு முழுக்க வாசித்தேன். எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து ஒரு கொள்கலன் அளவுக்குப் புத்தகம் சேர்த்து அனுப்ப முடியும், இங்கே நூலகங்கள் கழிக்கிற ஆங்கிலப் புத்தகங்கள் சும்மாவே கிடைக்கும். சொல்லுங்கள், நாளைக்கே தொடங்குகிறேன்.

வவுனியா வாசகி:

அண்ணா, உங்கள் மனதுக்கு நன்றி, ஆனால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. தடித்த அட்டைப் பழைய மருத்துவப் புத்தகம், கனடா வருமான வரி வழிகாட்டி, எட்டாம் பாகம் மட்டும் உள்ள கலைக்களஞ்சியம், இப்படி வந்து இறங்கினவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிற நூலகங்கள் உண்டு. நன்கொடையாக வந்ததைக் கழிப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதற்கும் ஆள் வேண்டும், அதுவரை அலுமாரி நிறைந்தே கிடக்கும். ஏற்றுகிற கூலிக்கு இங்கேயே சிறுவர் கதைப் புத்தகம் எவ்வளவோ வாங்கலாம். செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சியில் கழிவும் கிடைக்கும். ஊர்ப் பிள்ளைகள் கேட்கிற பட்டியலை நிலையம் உங்களுக்கு அனுப்பட்டும், அதற்குக் காசு தாருங்கள்.

அப்புறம் உங்களால் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் உண்மையில் கேட்கிறேன். ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அவர் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகங்கள் உங்கள் வீடுகளில் இருக்கும். அதில் இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், எப்போது வன்னிக்கு வந்து காடு வெட்டினார், எந்த வாய்க்காலில் காணி எடுத்தார், யாரைக் கட்டினார் என்று எல்லாம் இருக்கும். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், பழைய படங்கள், இவை எல்லாம் இங்கே இடம்பெயர்வுகளில் போய்விட்டன. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடினபோது ஒருமுறை, 2009இல் எல்லாமாக. அதற்கு முன் வெளிநாடு போன வீடுகளில்தான் பிரதி மிஞ்சியிருக்கிறது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றித் தடித்த கையேடு எழுதி வைத்தார், அது இன்றைக்கும் கிடைக்கும். இரணைமடுவுக்குக் கீழே காட்டை வயலாக்கின சனத்தின் கதையை எழுதி வைத்தது இந்தக் கல்வெட்டுகள்தான். ஸ்கான் செய்து அனுப்பினாலும் போதும். 2005இலிருந்து 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் இதே மாதிரி ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது, அவர்களுக்கும் ஒரு பிரதி போகலாம்.

உருத்திரபுரத்தான்:

எங்கள் அப்புவின் கல்வெட்டு அம்மாவின் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் காணி எடுத்த விபரம் அதில் இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இங்குள்ள எங்கள் ஊர்க்காரர் எல்லோரிடமும் கேட்கிறேன். காசுக்கும் ஒழுங்கு செய்கிறேன், பட்டியல் அனுப்புங்கள்.

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் நன்றி. தலைவரோடும் பொருளாளரோடும் இருந்து எல்லாவற்றையும் வாசித்தோம்.

காணி விடயத்தில் வாசகி அக்கா சொன்னதுதான் எங்கள் கதையும். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு ஐயாவின் பெமிற் காணிக்குள் போகிறது, அவர் சந்தோசமாகத் தந்தது. ஐயா இப்போதும் நல்லாக இருக்கிறார், அவரையும் அழைத்துக் கொண்டு திங்கட்கிழமை பிரதேச செயலகம் போகிறோம். அது முடியாமல் கையளிப்புக் கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவு.

கூட்டத்தில் வைக்கப்போகும் யோசனை இதுதான். சபை பொறுப்பேற்கட்டும், நூலகரும் இரவல் பகுதியும் சபையுடையது. முன் மண்டபமும் பத்திரிகையும் பின்னேர வாசிப்பும் நிலையத்தின் பொறுப்பு, அஞ்சு மணியிலிருந்து எட்டு மணிவரை, முறை வைத்து இருவர், அதில் ஒருவராவது மாதர் சங்கத்தில் இருந்து. வாசலில் விளக்குப் போட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்குவது. உறுப்பினராவதற்குப் பிணையாளி கேட்டால் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்கும் நிலையம் பிணை நிற்கும், புத்தகம் தொலைந்தால் நிலையம் கட்டும். வாசகர் வட்டம் என்ற பெயரில் இதையெல்லாம் தீர்மானத்துக்குள் எழுதிக் கேட்போம்.

பாலையடி:

பிணை நிற்கிற யோசனை நல்லது, அதை வேறு எங்கும் நான் கேள்விப்படவில்லை. ஆனால் நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. சபை தீர்மானத்தை ஒப்புக்கொள்ளாமல் வெறும் கையளிப்பை மட்டும் கேட்டால்?

வாய்க்கால்கரை:

அப்படியென்றால் கையளிக்க மாட்டோம். இப்போது நடத்துகிற மாதிரியே நடத்துவோம், அடுத்த முறை கேட்போம். அது எங்களுக்குள் தெளிவு.

வாசகி அக்கா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். புத்தகப் பதிவேடு எங்களிடம் ஒழுங்காக இல்லை. ஒரு கொப்பியில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது, அதிலும் பாதி இல்லை. கையளிக்கமுன் அதைச் சரிப்படுத்த வேண்டுமா, நூலகர் வந்து செய்வாரா?

வவுனியா வாசகி:

நீங்களே, கையளிக்கமுன். கட்டாயம். நூலகர் வந்த பிறகு எழுதினால் அவர் கண்ணில் பட்டதுதான் கணக்கு, இப்போது எழுதினால் ஊர் கொடுத்தது கணக்கு.

பெரிய கணக்குக் கொப்பி ஒன்று போதும். தொடர் இலக்கம், வந்த திகதி, தலைப்பு, எழுதியவர், பதிப்பித்த வருடம், விலை தெரிந்தால் விலை, பிறகு யார் தந்தது. இந்தக் கடைசி நிரலை விட்டுவிடாதீர்கள். திகதி தெரியாதவற்றுக்கு வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். அதே இலக்கத்தைப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் பேனையால் எழுதி நிலைய முத்திரை வையுங்கள், ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டாம், மாரிக்குக் கழன்றுவிடும். உயர்தரப் பிள்ளைகள் நாலு பேரும் ஒரு ரீச்சரும் இருந்தால் சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம். முடிந்ததும் கொப்பியை முழுதாகப் பிரதி எடுத்து, கையளிக்கும் அன்று இரண்டு பிரதியிலும் இரண்டு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிடுங்கள். ஒன்று சபைக்கு, ஒன்று நிலையத்துக்கு.

முல்லைக்கரைப் பிள்ளைக்கு: வினாத்தாள் கட்டுகளை இந்தப் பதிவேட்டில் போடாமல் தனிக் கொப்பியில் பாடமும் வருடமும் போட்டு எழுதச் சொல்லுங்கள். அவை கிழியும், புதிதாக வரும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.